ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த செடிகள்

நவம்பர் 4

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் 'ஐகோன்ஸ்' என்ற செடிப் படத் தொகுதிகளை ஸ்கேன் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சானவை. ஆறு தொகுதிகள், 2,101 படங்கள். எல்லாரும் 'வைட்டின் படங்கள்' என்றே சொல்கிறார்கள். பக்கத்தின் அடியைப் பெரிதாக்கினால் பொடி எழுத்தில் வேறு பெயர்கள் இருக்கின்றன. வரைந்தவர் ரங்கையா, பிந்தைய படங்களில் கோவிந்து. இவை கல்லச்சுப் படங்கள்; அச்சடிப்பதற்காகப் படத்தைக் கல்லில் ஏற்றியவர் டம்ஃபி. கம்பெனி காலத்தில் எத்தனையோ செடிப் படங்கள் வரைந்தவர் பெயரே இல்லாமல் கிடக்கின்றன. அந்த வகையில் வைட் செய்தது பெரிய மரியாதை.

நவம்பர் 7

இந்தப் படங்களில் வண்ணம் இல்லை, நிழலும் குறைவு. அறிவியல் நடை அப்படித்தான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் கல்தான் தெரிகிறது. சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, கொழுப்பு கலந்த மையால் வரைந்து, கருவேலம் பிசினும் அமிலமும் கலந்து பூச வேண்டும். கல்லை ஈரமாக்கி உருளையை ஓட்டினால் மை கோட்டில் மட்டும் ஒட்டும். விரல் பட்டால் போச்சு, விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் அச்சாகிவிடும். கையைத் தூக்கிப் பிடித்தபடியே மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். அந்த நிலையில் யாராக இருந்தாலும் ஒரு கோடு போதும் என்ற இடத்தில் இரண்டாவது கோட்டைப் போடமாட்டார்கள்.

இன்னொன்று. கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடவலம் மாறி விழும். கொடிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகிறது என்பது இனத்தின் அடையாளம். கல்லில் தலைகீழாக யோசித்து வரைய வேண்டும், அல்லது மாற்றுத்தாளில் வரைந்து கல்லுக்கு ஒற்ற வேண்டும். இனி கொடிப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் சுற்றைத்தான் பார்ப்பேன்.

நவம்பர் 11

செங்காந்தள் பூ ஒன்றைப் பறித்து வந்து வரைந்தேன். இது மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், நாளாக ஆகச் சிவப்பு. அப்படியானால் ஓவியர் எந்த நாளைத் தாளில் வைப்பார்? வண்ணம் காத்திருக்காது என்பதால் ஒரே ஓர் இதழுக்கு மட்டும் நிறம் பூசி வைத்துக்கொண்டு, அப்புறம் இலை நுனியின் சுருளுக்குப் போனேன். அதற்குள் தண்டு தொய்ந்துவிட்டது. நான் தாளில் போட்ட வளைவு செடியின் வளைவா, வாடலின் வளைவா என்று எனக்கே சந்தேகம்.

உலர்த்திய மாதிரியைப் பார்த்து வரைந்த படத்தில் வேறு மாதிரி. இலைகள் ஒரே தளத்தில் பரந்து கிடக்கும், ஒன்றின் மேல் ஒன்று விழாது.

நவம்பர் 15

வைட்டின் 'இல்லஸ்ட்ரேஷன்ஸ்' நூலின் படங்களுக்கு வண்ணம் உண்டு. கல்லில் அச்சடித்த பிறகு பிரதி பிரதியாகக் கையால் தீட்டியது. ஒரே படத்துக்குப் பிரதிக்குப் பிரதி பச்சை மாறுவதற்கு அதுவே போதும். ஆனால் நாம் ஒரு பிரதியின் ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு 'இலை இந்த நிறம்' என்று எழுதிவிடுகிறோம்! படத்தின் அடியில் ஓவியர் பெயர் உண்டு, கல்லச்சுக்காரர் பெயர் உண்டு. வண்ணம் தீட்டியவர்கள் பெயரைத்தான் காணோம். இது எனக்கு உறுத்துகிறது.

நவம்பர் 16

வைட் 1842 முதல் பருத்திச் சோதனை வேலையாக எங்கள் கோயம்புத்தூரில் இருந்தார். கோவிந்து அவருக்காக வரைந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1853இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் நினைவாக 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். இப்போது அது டிரோபிடியா பேரினத்தில் சேர்ந்துவிட்டது. வகைப்பாட்டு விதிப்படி சரி. ஆனாலும் செடியின் பெயரை எழுதும்போது பழைய பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதப்போகிறேன். அடுத்து 'இல்லஸ்ட்ரேஷன்ஸ்' நூலின் வேறொரு பிரதியின் ஸ்கேன் கிடைக்கிறதா என்று தேட வேண்டும்.