ஒஸ்லோவில் ஒரு மின்காரும் ஒரு பிளக்கும்

நவம்பர் 9, 2024, சனி

பத்தொன்பது ஆண்டுகள் உழைத்த பெற்றோல் காரை விற்றுவிட்டு, இன்று மின்காரை வீட்டுக்கு எடுத்து வந்தோம். 2021-இல் செய்த ஜேர்மன் கார். 58 கிலோவாற்மணி பற்றரி. விளம்பரத்தில் ஒரு முறை மின்னேற்றினால் 420 கிலோமீற்றர் ஓடும் என்று போட்டிருந்தது. விற்றவர் நேர்மையான மனிதராக இருந்தபடியால், குளிர்காலத்தில் அதில் நூற்றைம்பதைக் கழித்துக் கொள்ளும்படி தாமாகவே சொன்னார். வாங்கச் சொல்லி நெருக்கியவள் மகள். "அப்பா, கராஜுக்குள்ள பெற்றோல் மணக்கிறது எங்கட கார் ஒண்டுதான்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதில் மிகை அதிகமில்லை. ஈ.எல்., ஈ.கே. என்று தொடங்கும் மின்கார் இலக்கத் தகடுகளைத்தான் ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குறோறுட் பள்ளத்தாக்கிலும் இப்போது அதிகம் காண்கிறேன். ஆனால் எங்கள் கட்டடத்தின் நிலத்தடித் தரிப்பிடத்தில் மின்னேற்றிகள் இருப்பது ஒரு மூலையில் மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு உரியவை. எனக்கு உரிய இடம் மறு மூலையில், வெறும் சுவரோரம். மாட்டை வாங்கிக்கொண்டு வந்து கட்டுத்தறி தேடுகிறவனைப் போல, இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கிச் சென்று அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 21, 2024, வியாழன்

நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. எங்கள் கட்டடம் ‘பொறெத்ஸ்லாக்’ எனப்படும் குடியிருப்புக் கூட்டுறவைச் சேர்ந்தது. வீடு என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டாலும், சுவரும் கூரையும் தரிப்பிடமும் மின்பலகையும் எல்லோருக்கும் பொது. நினைத்தவுடன் துளையிட்டு ஒரு பெட்டியை மாட்டிவிட முடியாது. 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மின்னேற்றி பொருத்தக் கேட்கும் குடியிருப்பாளரைத் தகுந்த காரணமின்றி மறுக்க இயலாது. குழுவும் மறுக்கவில்லை. பிரதான மின்னிணைப்பு இன்னும் எத்தனை கார்களைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டும், அதற்கு மின் பொறியாளர் பெப்ரவரியில்தான் வருவார், அதுவரை பொறுத்திருங்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எதற்கென்று, கீழ்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நோர்வேஜிய மின்பணியாளர் ஒருவர் எனக்கு விளக்கினார். நோர்வேயின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் மின்சாரம் 230 வோல்ற் மூன்று கட்ட (‘திறீ ஃபேஸ்’) முறையில், நடுநிலைக் கம்பி இல்லாமல் வருகிறது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் வழக்கமாக உள்ள 400 வோல்ற் முறையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட என் காரைப் போன்றவை, அங்கே 11 கிலோவாற்றில் மின்னேற்றிக் கொள்ளும். இங்கே ஒற்றைக் கட்டத்தில் 16 அம்பியர் கிடைத்தால் 3.6 கிலோவாற் வேகத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். பற்றரியை 20 விழுக்காட்டிலிருந்து 80-க்குக் கொண்டுவரப் பத்து மணி நேரம் பிடிக்கும். இரவு நீளமான நாட்டில் அது ஒரு குறையல்ல என்று சொல்லிச் சிரித்தார்.

சாதாரணச் சுவர்ப் பிளக்கிலும் மின்னேற்றலாம்தான். அது அவசரத்துக்கு மட்டுமே உதவ வேண்டும், நாள்தோறும் பல மணி நேரம் முழுச் சுமையைத் தாங்கினால் பிளக் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். எச்சரிக்காவிட்டாலும், நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. "இஞ்சேருங்கோ, யன்னலுக்குள்ளால வயர் தொங்கவிடுற யோசினை மட்டும் வேண்டாம்" என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 12, 2024, வியாழன்

இன்று வேலையிடத்தில் எல்லோருடைய பேச்சும் மின்சார விலையைப் பற்றித்தான். ஜேர்மனியில் காற்று வீசாமல் காற்றாலைகள் ஓய்ந்துவிட, கடலடிக் கம்பிகளால் அந்தச் சந்தையோடு பிணைக்கப்பட்டிருக்கும் தென்மேற்கு நோர்வேயில், மாலை ஐந்து மணிக்கு ஒரு கிலோவாற்மணியின் விலை வரிகளோடு 13 குறோனர் அளவுக்கு ஏறிவிட்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அருவிகளாலும் அணைகளாலும் வருவது; தண்ணீர் நம்முடையது, விலை மட்டும் ஏன் பிறருடையது என்று ஒரு சக ஊழியர் மேசையில் தட்டினார்.

நான் பேசாமல் இருந்தேன். எனக்கு எந்த நாளும் ஒரே விலைதான். வீட்டில் பிளக் இல்லாதவன் பெற்றோல் நிலையத்து விரைவு மின்னேற்றியில் நிற்கிறான். அங்கே கிலோவாற்மணிக்கு 6 குறோனர் 40 சதம் கொடுக்கிறேன். இந்தக் குளிரில் நூறு கிலோமீற்றருக்கு 25 கிலோவாற்மணி செலவாகிறது, ஆகவே 160 குறோனர். பழைய காருக்கு நூறு கிலோமீற்றருக்கு 7 லீற்றர் பெற்றோல் போதும். லீற்றர் 21 குறோனர் என்று வைத்தால் 147. மின்காரால் மிச்சம் என்று எனக்குச் சொன்னவர்கள் யாவரும் சொந்தத் தரிப்பிடமும் சொந்த மின்னேற்றியும் உள்ளவர்கள் என்பதைக் காரை வாங்கும் முன் நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜனவரி 4, 2025, சனி

கடந்த ஆண்டு நோர்வேயில் பதிவான புதிய கார்களில் 88.9 விழுக்காடு முழு மின்கார்கள் என்று செய்தி. 1989-இல் பெல்லோனா என்ற சூழலியல் அமைப்பின் பிரெதரிக் ஹவுகேயும் ‘ஆ-ஹா’ இசைக்குழுவினரும், மின்காராக மாற்றிய ஒரு ஃபியற் பண்டாவைக் கொண்டுவந்து, மின்கார்களுக்குச் சலுகை வேண்டிச் சுங்கச் சாவடிகளில் கட்டணம் செலுத்தாமல் ஓட்டித் தண்டம் வாங்கினார்கள். மறு ஆண்டே மின்கார்களுக்கு இறக்குமதி வரி விலக்கப்பட்டது. 1997-இல் சுங்கக் கட்டணமும், 2001-இல் 25 விழுக்காட்டுப் பெறுமதி சேர் வரியும் நீங்கின. இப்போது சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. 2023-இல் ஐந்து இலட்சம் குறோனருக்கு மேற்பட்ட தொகைக்குப் பெறுமதி சேர் வரி திரும்பி வந்தது. ஒஸ்லோச் சுங்க வளையத்தில் நானும் கட்டணம் கட்டித்தான் போகிறேன், பெற்றோல் காரைவிடக் குறைவாக.

காலையில் வெளியே மறை 14 பாகை. விரைவு மின்னேற்றியில் 100 கிலோவாற் வேகத்தை எதிர்பார்த்துச் செருகினால், திரையில் 31 என்று காட்டியது. குளிர்ந்த பற்றரிக்குள் இலிதியம் அயன்கள் மெதுவாகவே நகரும். வேகமாகத் திணித்தால் பற்றரி கெடும் என்பதால் கார் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய பற்றரியோடு வந்தால் வேகம் கிடைக்கும். ஆனால் வீட்டில் மின்னேற்றி இல்லாதவன் வருவது காலையில், இரவெல்லாம் விறைத்துக் கிடந்த காரோடு. ஐம்பத்தைந்து நிமிடங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சூடு போட்டால் அதுவும் பற்றரியிலிருந்தே போகும் என்பதால் தொப்பியைக் கழற்றவில்லை.

அப்போது நாட்டின் வடகிழக்குக் கோடியில் உள்ள வார்டோ நினைவுக்கு வந்தது. 1987-இல் மீன் தொழிற்சாலை வேலைக்கு அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாரியில், ஒவ்வொரு பெற்றோல் காரின் முகத்திலும் ஒரு வயர் தொங்குவதைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். இயந்திரம் உறையாமல் இருக்க இரவில் சூடாக்கியை வீட்டு மின்சாரத்தில் கொழுவி வைப்பார்கள். காலையில் வயரைக் கழற்ற மறந்து, பிளக்கையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டவர்களும் உண்டு. காருக்கு வயர் கொழுவுவது இந்த நாட்டவருக்குப் புதுமையாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

பெப்ரவரி 10, 2025, திங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணா தொலைபேசியில் எடுத்தார். ஐந்தாண்டுத் தடைக்குப் பிறகு இந்த மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியிருப்பதால், மருமகன் மின்கார் ஒன்று வாங்க நினைக்கிறான், என்னிடம் யோசனை கேட்கச் சொன்னானாம். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "நேற்றுப் பாணந்துறையில ஒரு குரங்கு கம்பியில பாஞ்சு முழு இலங்கைக்கும் கரண்ட் போட்டுது. நீ என்னெண்டால் கரண்ட் கார் நல்லது எண்டுறாய்." நேற்றைய நாடளாவிய மின்தடைக்கு உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்று அமைச்சரே கூறியிருந்தார், மறுத்துப் பேச முடியவில்லை. கூரையில் சூரியத் தகடு போட முடிந்தால் பகலில் வீட்டு முற்றத்திலேயே மின்னேற்றிக் கொள்ளலாம், அப்படியென்றால் யோசிக்கலாம் என்றேன். முற்றமும் கூரையும் சொந்தமாக உள்ள மருமகனைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

மார்ச் 25, 2025, செவ்வாய்

பெட்டி பொருத்தியாகிவிட்டது. பொறியாளரின் கணக்குப்படி, எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் பிரதான இணைப்பு தாங்காது. ஆகவே மின்னேற்றிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, இருக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் அமைத்திருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்குக் கட்டடம் முழுவதும் சமைக்கும்போது எனக்கு 1.5 கிலோவாற்றும் கிடைப்பதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு 3.6 வருகிறது. காலையில் கார் நிரம்பியிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் நான் அறிய வேண்டியதில்லை.

செலவு 17,000 குறோனர். மனைவி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தாள். இந்த மாத மின்விலையோடு விநியோகக் கட்டணத்தையும் சேர்த்தால் கிலோவாற்மணிக்கு 1 குறோனர் 50 சதம் வருகிறது, விரைவு மின்னேற்றியில் கொடுத்ததன் கால்வாசிக்கும் குறைவு, ஒன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கணக்குக் காட்டினேன். "காரை வாங்க முதலும் ஒரு கணக்குக் காட்டினீங்கள்" என்றாள்.

ஏப்ரல் 12, 2025, சனி

ஈஸ்டர் விடுமுறைக்கு துரொண்ட்ஹெய்மில் உள்ள மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பழைய காரில் ஏழு மணி நேரம், இன்று ஒன்பதரை. காலை ஆறு மணிக்கு நூறு விழுக்காட்டோடு புறப்பட்டு, லில்லஹாமரையும் கடந்து, குட்பிரான்ட் பள்ளத்தாக்கு வழியாக ஒத்தாவுக்கு வந்தபோது 9 விழுக்காடு மிஞ்சியிருந்தது. அங்கே எட்டு மின்னேற்றிகளில் இரண்டு செத்துக் கிடந்தன. ஒன்றின் திரை முற்றிலும் இருள், மற்றது என் அட்டையை வாங்கிக்கொண்டு ‘பிழை’ என்று மட்டும் சொன்னது. முன்னால் ஏழு கார்கள். நாட்டின் பாதிப் பேர் மலைக்குடிலுக்குப் போகும் நாளில் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

வரிசைக்குக் கோடு எதுவும் கிடையாது. யார் எப்போது வந்தார் என்பதை எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் முந்துவதில்லை. 80 விழுக்காட்டுக்கு மேல் பற்றரி மெதுவாகவே நிரம்பும் என்பதால், அதற்கு மேல் நின்று பிறரைக் காக்கவைப்பது மரியாதையல்ல. ஒருவர் 93 வரை நின்றார்; யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை, ஆனால் ஏழு கார்களிலிருந்தும் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பக்கத்துக் காரிலிருந்த முதிய தம்பதியர் ஈஸ்டர் வழக்கப்படி தோடம்பழமும் ‘குவிக் லுன்ஷ்’ சொக்கலேற்றும் தந்தார்கள். மனைவி இரண்டு மட்டன் றோல்ஸ் கொடுத்தாள். அவர் ஒரு கடி கடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது பற்றரியைச் சூடாக்க உதவும் என்றார்.

தொம்போஸ் தாண்டி டோவ்ர மலைக்கு ஏறும்போது விழுக்காடு கண்ணெதிரே கரைந்தது. நெடுஞ்சாலையின் உச்சி 1026 மீற்றர்; அங்கே இன்னமும் முழுப் பனி. மறுபக்கம் ஒப்டாலை நோக்கி இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறிச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பியது, பிரேக்கை மிதிக்க வேண்டிய தேவை அரிதாகவே வந்தது. பள்ளத்தில் பெற்றோல் கார் ஒரு துளியும் திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒக்டோபர் 5, 2025, ஞாயிறு

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறன்ஸ்கூக்கில், தொடர்வீட்டில் இருக்கும் தெரிந்த அண்ணை ஒருவரின் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மின்விலை குறைந்த மணிகளைத் தேடிப் பிடித்துக் காருக்கு மின்னேற்றும் கலையில் அவர் இரண்டு வருடங்களாக எங்கள் எல்லோருக்கும் ஆசான். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து செயலியைப் பார்த்த கதையெல்லாம் உண்டு. இம்மாதம் முதலாந் திகதி அரசாங்கம் ‘நோர்கெஸ்பிரீஸ்’ என்ற நிலைவிலையைக் கொண்டுவந்துவிட்டது: விரும்பிச் சேரும் வீடுகளுக்கு வரியோடு கிலோவாற்மணிக்கு 50 சதம், எந்த மணியானாலும் அதேதான். "தம்பி, படிச்ச படிப்பெல்லாம் வீணாப் போச்சு" என்றார்.

முழுவதும் வீணாகவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். 2022 கோடையிலிருந்து விநியோகக் கட்டணத்தின் ஒரு பகுதி, மாதத்தில் வெவ்வேறு மூன்று நாட்களில் அதிகம் இழுத்த மூன்று மணிகளின் சராசரியைப் பொறுத்தது. கார் 7 கிலோவாற்றில் ஏறிக்கொண்டிருக்க, அவர் மனைவியான அக்கா இடியப்பத்துக்கு அடுப்பை மூட்டி, மகன் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் குளித்தால், அந்த வீடு அடுத்த கட்டணப் படிக்குத் தாவிவிடும். அதனால் இப்போது விலைப் பட்டியலுக்குப் பதிலாக அக்காவின் சமையல் நேரத்தைக் கேட்டுத்தான் மின்னேற்றுகிறார்.

நவம்பர் 8, 2025, சனி

மாரி ரயர் மாற்றியாயிற்று. கோடையில் நூறு கிலோமீற்றருக்கு 16 கிலோவாற்மணி வரை இறங்கிய செலவு இந்த வாரம் 21-க்கு ஏறிவிட்டது. புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே, வயர் செருகியிருக்கும்போதே உள்ளறை சூடாகும்படி 6.40 என்று நேரம் குறித்து வைத்திருக்கிறேன். அந்தச் சூடு இப்போது சுவரிலிருந்து வருகிறது, பற்றரியிலிருந்து அல்ல.

கீழே போனபோது, எனக்கு அடுத்த இடத்துக்காரர் புதிய காரோடு வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றார். விண்ணப்பம் கொடுத்துவிட்டாராம், பொறியாளர் பெப்ரவரியில் வருவாராம். சனிக்கிழமைகளில் என் காருக்குத் தேவை குறைவு, வயர் அவருடைய இடம்வரை எட்டும். இலவசமாக ஏற்றிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். கிலோவாற்மணிக்கு இரண்டு குறோனர் என்று பேசி முடித்தோம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.