கரும்புகை வந்தால் ஃபயர்மேன் சரியில்லை

மே 3, சனி

மாமா இந்தியாவிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. நடைப்பயிற்சி, கோயில், லைப்ரரி எல்லாம் ஒரு சுற்று முடிந்து கலிபோர்னியாவின் இந்த ஃப்ரீமான்ட்டே போரடித்துவிட்டது அவருக்கு. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, வைபி, வைஜி இன்ஜின்களுக்குக் கரி அள்ளிப் போட்டு, டிரைவராகி, டீசலில் ரிட்டயர் ஆன மனிதர். அவரிடம் போய் எதைக் காட்டுவது? எனக்குக் கௌபாய் படம் பிடிக்கும், அவருக்கு ரயில் பிடிக்கும், சரி என்று 1952இல் வந்த 'ஹை நூன்' போட்டேன்.

ரயில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் படம் அது. மூன்று பேர் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள், ஊர்க்காவல் மார்ஷல் ஊரெல்லாம் ஆள் தேடுகிறார், மாமா கொட்டாவி விடுகிறார். தூரத்தில் தண்டவாளத்தின் கடைசியில் புகை தெரிந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி கிட்டே வரவரக் கரும்புகை. "என்ன மாப்ள, ஃபயர்மேன் தூங்குறானா? இப்படிக் கறுப்பா விட்டா எங்க போர்மேன் தோலை உரிச்சிடுவாரு."

படத்தை நிறுத்திவிட்டு, டைரக்டர் ஜின்னமன் பிற்பாடு சொன்ன கதையைச் சொன்னேன். அவரும் கேமராமேனும் தண்டவாளத்திலேயே படுத்துக்கொண்டு அந்த ஷாட்டை எடுத்திருக்கிறார்கள். முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் கரும்புகை, பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் காட்டிய சைகையாம் அது! கடைசி நொடியில் இவர்கள் தப்பிவிட்டார்கள், கேமரா நொறுங்கிவிட்டது, உள்ளே இருந்த பிலிம் மட்டும் பிழைத்துப் படத்திலும் வந்துவிட்டது.

மாமா சிரிக்கவே இல்லை. "விசில் அடிச்சிருக்கணும்" என்றார்.

மே 4, ஞாயிறு

அந்த இன்ஜின் எது என்று காலையிலேயே கேட்டார். சியரா ரயில்வே 3ஆம் நம்பர். 1891இல் நியூஜெர்சியின் பேட்டர்சனில் ராஜர்ஸ் கம்பெனி செய்தது, முன்னால் நாலு சின்னச் சக்கரம், அப்புறம் ஆறு பெரிய சக்கரம். ஹாலிவுட்டில் இதைவிட அதிகம் நடித்த இன்ஜின் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். 1929இல் 'தி வர்ஜினியன்' படத்தில் கேரி கூப்பரோடு வந்தது. 'ஹை நூன்' படத்திலும் அதே கூப்பர், அதே இன்ஜின். இடையில் 23 வருஷம், கூப்பர் முகத்தில்தான் சுருக்கம். 1990இல் 'பேக் டு த ஃப்யூச்சர்' மூன்றாம் பாகம், 1992இல் 'அன்ஃபர்கிவன்'.

ஒவ்வொரு படத்துக்கும் வேறு புகைபோக்கி, வேறு விளக்கு, வேறு நம்பர். நம் படங்களில் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதே, அதே கதைதான். 'ஃப்யூச்சர்' படத்தில் இதற்கு நம்பர் 131. மாமா அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தார். டைம் மெஷின் காரை இந்த இன்ஜின் 88 மைல் வேகத்தில் தள்ள வேண்டும் என்றதும் "பாய்லர் தாங்காது" என்றார். கார் காலத்தைத் தாண்டிப் பறப்பதைப் பற்றி அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

மே 7, புதன்

இன்று ராத்திரி 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்'. ஸ்டேஷன் காட்சி வந்து கொஞ்ச நேரத்திலேயே "ரோடு அகலமா இருக்கே, நம்ம பிராட்கேஜ் மாதிரி" என்றார். ஆடிப்போய்விட்டேன். அமெரிக்கப் பாதை 1,435 மில்லிமீட்டர். ஆனால் அந்த ஸ்டேஷன் காட்சிகளை எடுத்தது ஸ்பெயினில், குவாதிஸ் பக்கம் லா கலாஹோரா ஸ்டேஷனை ஒட்டி. ஸ்பெயினின் பாதை 1,668, நம்முடையது 1,676. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! நான் இந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தண்டவாளத்தைப் பார்த்ததில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'டென்வர் அண்ட் ரியோ கிராண்டே' என்ற 1952 படத்தின் ஒரு துண்டைக் காட்டினேன். இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதும். பொம்மை இல்லை, 319, 345 என்று இரண்டு நிஜ நேரோகேஜ் இன்ஜின்கள், 1951இல் கொலராடோவில் டுராங்கோ பக்கம் ஒரே பாதையில் எதிரெதிராக ஓடவிட்டு மோதவைத்தார்கள். பாய்லர் முகத்தோடு முகம் மோதி, நீராவி பீய்ச்சி, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

மாமா எழுந்து போய்க் காபி டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். எப்படியும் உடைக்கப் போயிருக்க வேண்டிய இன்ஜின்கள்தான் மாமா என்றேன். "அதுல கரி இருந்திருக்கும்ல, நெருப்பு எரிஞ்சிருக்கும்ல" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் என்னை முறைத்தார்கள்.

மே 10, சனி

ஜேம்ஸ்டவுன் போய் வந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார், வழியெல்லாம் காய்ந்த புல் மேடு. 3ஆம் நம்பர் இருப்பது அங்கேதான், மாநிலப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். வட்ட வடிவ ஷெட், நடுவில் இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள், பக்கத்தில் பெல்ட் போட்டு ஓட்டும் பழைய பட்டறை. வாசலிலேயே மாமா நின்று மூச்சை இழுத்தார். எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. "ஷெட்டு" என்றார், அவ்வளவுதான்.

சுற்றிக்காட்டிய பெரியவரிடம் கரி எங்கே என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். கரியே கிடையாதாம், எண்ணெய் எரிக்கும் இன்ஜினாம்! 'ஃப்யூச்சர்' படத்தில் கட்டை கட்டையாக உள்ளே திணிப்பதெல்லாம் நடிப்பு. காற்றைக் குறைத்து எண்ணெயைக் கூட்டினால் கேமராவுக்கு வேண்டிய கரும்புகை வந்துவிடும். மாமா என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அள்ளிப் போடாமலே ஃபயர்மேன் சம்பளமா?"

இன்று மே 10 என்பது அந்தப் பெரியவர் சொல்லித்தான் உறைத்தது. 1869இல் இதே நாளில்தான் யூட்டாவின் பிரமான்டரியில் கிழக்கும் மேற்கும் ரயிலால் இணைந்தன. விறகு எரிக்கும் ஜூபிட்டர் ஒரு பக்கம், கரி எரிக்கும் 119 மறுபக்கம். 1924இல் ஜான் ஃபோர்டு எடுத்த படத்தில் நிஜமான அந்த இன்ஜின்களே நடிப்பதாக எழுத்துப் போட்டார்கள், சுத்தப் புளுகு, இரண்டையும் அதற்கு முன்பே உடைத்தாயிற்று. எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் பின்கதை. 1969 நூற்றாண்டு விழாவுக்கு நிறுத்த இன்ஜின் இல்லாமல், பாரமவுண்ட் படக் கம்பெனியிடமிருந்த இன்யோ, டேட்டன் என்ற இரண்டு இன்ஜின்களைக் கொண்டுவந்து பெயின்ட் அடித்து ஜூபிட்டராகவும் 119ஆகவும் நிறுத்தினார்கள். அச்சு அசலான நகல்கள் 1979இல்தான் வந்தன.

மே 12, திங்கள்

ஆபீஸ் முடிந்து வந்தால் டிவியில் மறுபடி 'ஹை நூன்'. மாமாவே ரிமோட்டில் தேடிப் போட்டிருக்கிறார். புகை வரும் இடத்தை மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார், அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினார். மீதிப் படத்தில் குதிரை வரும்போதெல்லாம் முன்னால் ஓட்டிவிடுகிறார்.