டைபாய்டு சாவுகளை எண்ணப் போன கதை

விக்டோரியா காலத்து லண்டனில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, டைபாய்டில் வருடத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று அட்டவணை போட்டால் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும், இரண்டு வாரம் போதும் என்று நினைத்தேன். ஆறு மாதம் இழுத்தது.

நான் எடுத்தது இஸ்லிங்டன். லண்டன் சுகாதார அதிகாரிகளின் பழைய அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். ஆனால் தேடல் பெட்டியை நம்பாதீர்கள். பொடி எழுத்து அட்டவணையில் 3 எது, 8 எது என்று எனக்கே தெரியவில்லை, கணினிக்கு எப்படித் தெரியும்? பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் பெயர்ச் சிக்கல். டைபஸ் (பேன் மூலம் பரவும் காய்ச்சல்) வேறு, டைபாய்டு வேறு என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஜென்னர் 1850 வாக்கிலேயே காட்டிவிட்டார், ஆனாலும் அரசின் இறப்புக் கணக்கில் 1869 வரை இரண்டும் ஒரே தலைப்பில்தான் கிடக்கின்றன. போதாததற்கு டைபாய்டையே ஒரு டாக்டர் குடல் காய்ச்சல் என்று எழுதுவார், இன்னொருவர் இரைப்பைக் காய்ச்சல் என்பார்.

சரி, 1869க்குப் பிறகாவது நிம்மதி என்று பார்த்தால், லண்டன் காய்ச்சல் மருத்துவமனை இருந்ததே இஸ்லிங்டன் லிவர்பூல் சாலையில்தான். எங்கெங்கிருந்தோ வந்து அங்கே செத்தவர்களையும் நான் இஸ்லிங்டன் கணக்கில் கூட்டிவைத்திருந்தேன். கவனிப்பதற்குள் மூன்று வாரம் போயிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்கும் நடுவில் என்னைப் பிடித்து நிறுத்தியது இஸ்லிங்டனில் டைபாய்டு பரவிய 1870 ஜூலை, ஆகஸ்ட். அப்போதைய சுகாதார அதிகாரி எட்வர்ட் பல்லார்ட், காய்ச்சல் கண்ட வீடுகளில் பெரும்பாலானவை ஒரே பால்காரரிடம் பால் வாங்குவதைக் கவனித்தார். அந்தப் பால்காரரின் பண்ணையில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது, பழைய சாக்கடையிலிருந்து எலி வளை வழியாக அதற்குள் அழுக்கு போய்க்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவியது அந்தத் தண்ணீரில். பாலில் கலந்ததா என்பதைப் பால்காரரிடம்தான் கேட்க வேண்டும்! பால் அதிகம் குடித்த பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் படுத்தார்கள், வசதியான வீடுகள் உட்பட. டைபாய்டுக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் எபெர்த் கண்டது 1880இல், அதற்குப் பத்து வருடம் முன்பே பல்லார்ட் வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது என் அட்டவணையில் மூன்று பத்திகள்: வீட்டில் செத்தவர்கள், மருத்துவமனையில் செத்தவர்கள், எந்தக் காய்ச்சல் என்றே சொல்ல முடியாதவர்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடு என்கிறார் வழிகாட்டி. முடியாது மேடம் என்று நேற்றுதான் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.