காய்ச்சலுக்குப் பெயர் தெரியவே இரண்டு மாதம்

மாலையில் ஏறி, விடியும்போது உடம்பை வியர்வையில் நனைத்துவிட்டு இறங்கும் காய்ச்சலோடு இரண்டு மாதம் அலைந்தேன். டைஃபாய்டு என்று சொல்லி ஒரு வாரத்துக்கு மாத்திரை தந்தார்கள். அது தீரும்வரை அடங்கியிருந்த காய்ச்சல், தீர்ந்ததும் இடுப்பு வலியையும் கூட்டிக்கொண்டு திரும்பியது. காசநோய்ச் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை.

நான் பார்த்த மூன்று மருத்துவர்களில் ஒருவர்கூட மாடு, ஆடு வளர்க்கிறீர்களா என்று கேட்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது, ஏனெனில் நானும் சொல்லவில்லை. காய்ச்சல் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு, ஏழு மாதச் சினையில் கன்று வீசிய, அதாவது கருக்கலைந்த, பசுவுக்குத் தங்கிப்போன நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் எடுத்தவன் நான். அந்தப் பசுவை மறுபடி பார்க்க வந்த கால்நடை மருத்துவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காய்ச்சல் எத்தனை நாளாக?" என்று கேட்டார். மாட்டில் கன்று வீச்சு நோய் எனப்படுவது மனிதருக்குத் தொற்றினால் புரூசெல்லோசிஸ் என்று அன்றுதான் அறிந்தேன்.

கால்நடை மருத்துவர் சொன்னதை நான் சொல்லக் கேட்ட என் மருத்துவர், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த வளர்ப்புச் சோதனைக்கு உடனே எழுதினார். ஆனால் சீட்டில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதினார். ஐந்தாம் நாள் "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வந்தது. இந்தக் கிருமி மெதுவாக வளரும், இன்னும் சில நாள் வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சீட்டில் இல்லாததைச் செய்ய முடியாது என்றார் முகப்பு ஊழியர். மறுநாள் கையெழுத்துடன் புதுச் சீட்டு வாங்கிப் போனபோது குப்பியைக் கழித்துவிட்டிருந்தார்கள்.

உள்ளே இருந்த நுண்ணுயிரியல் நிபுணர் கோபமாக இருந்தார், அதுவும் என்மேல். காற்றில் தெறிக்கும் நுண்துளியிலிருந்தே ஆய்வகப் பணியாளர்களுக்குத் தொற்றக்கூடிய கிருமி இது என்பதால், சந்தேகத்தை முன்பே எழுதியிருந்தால் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாண்டிருப்போம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இரண்டாவது மாதிரியில், இக்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரோஸ் பெங்கால் சோதனை அன்றே பாசிட்டிவ் என்று காட்டியது. எட்டாம் நாள் கிருமியும் வளர்ந்தது.

டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரு வேளை, கூடவே ரிஃபாம்பிசின். இரண்டும் ஆறு வாரம். நம் உடலின் பாதுகாப்பு அணுக்களுக்குள்ளேயே கிருமி ஒளிந்து வாழ்வதால்தான் இத்தனை நீண்ட காலம் தேவைப்படுகிறது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கே நோய் திரும்புவது அதிகம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று எவரும் சொல்லாததால் ஒரு காலைப்பொழுது முழுவதும் நடுங்கினேன். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும்.

1887இல் மால்டாவில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஆட்டுப்பால் வழியே பரவுகிறது என்பது 1905இல்தான் துலங்கியது. அதைப் படித்தபிறகு, காய்ச்சாத பால் குடித்திருந்த வீட்டார் எல்லோரையும் சோதனைக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு சீட்டிலும் "கன்று வீசிய மாட்டோடு தொடர்பு, புரூசெல்லா சந்தேகம்" என்று மருத்துவரை எழுதவைத்து, எழுத்துப் பிழை இல்லையென்று பார்த்த பிறகே நீட்டினேன். முகப்பில் அதே ஊழியர்தான் இருந்தார். இம்முறை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.