சிமெண்ட் இறுகும் அந்தப் பத்து நிமிஷம்

மே 5

ஏற்காட்டிலிருந்து ஒரு பாட்டி வந்திருக்கிறார். காப்பித் தோட்டத்து வீட்டு வாசலில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து உடைந்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த வலியோடு இறங்கி வந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் எலும்புச் சுவர் மெலிந்து கிடக்கிறது. டாக்டர், எலும்புக்கான சிமெண்ட் வைத்துப் பாதி மூட்டு, அதாவது இடுப்பு மூட்டின் பந்துப் பகுதியை மட்டும், மாற்றலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சிமெண்ட் இல்லாத ஸ்டெம்மை, அதாவது தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டை, இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும். இந்த எலும்பு அந்த அடியிலேயே விரிசல் விடலாம்.

மே 6

சேலத்து வெயில் இந்த மாசம் தாங்கவில்லை. சிமெண்ட் பெட்டியைக் காலையிலேயே ஏசி அறைக்கு மாற்றச் சொன்னேன். பொடி 40 கிராம், திரவம் 20 மில்லி. கலந்ததும் சூடேறி இறுக ஆரம்பித்துவிடும். சூடான இடத்தில் இருந்து வந்த பாக்கெட் என்றால் நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே கல்லாகிவிடும்.

சாயங்காலம் பாட்டியின் மகன், "நல்லா ஒட்டிக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். ஒட்டாதுங்க தம்பி என்றேன். கதவு நிலையைச் சுற்றிக் கொத்தனார் கலவை அடைக்கிற மாதிரிதான் இதுவும். எலும்பின் உட்புறத் துளைகளுக்குள் சிமெண்ட் நுழைந்து இறுகினால்தான் பிடிப்பு. அதனால்தான் எந்தக் கம்பெனி ஸ்டெம் என்பதைவிட, அதை எப்படி வைக்கிறார்கள் என்பதை நான் கவனிப்பேன்.

மே 7

ஆபரேஷன் முடிந்தது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

எலும்புக் குழாயின் அடியில் முதலில் ஓர் அடைப்பு வைத்தோம். அது இல்லாவிட்டால் சிமெண்ட் கீழே ஓடிவிடும், அழுத்தமே ஏறாது. அப்புறம் ஜெட் தண்ணீரால் கழுவல். கொழுப்பும் ரத்தமும் போய், துளைகள் வெளுப்பாகத் தெரியும்வரை டாக்டர் விடவில்லை. அட்ரினலின் நனைத்த துணியைத் திணித்து உலர்த்தினோம். இதில் அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ரத்தம் கலந்த சிமெண்ட் அடுக்கடுக்காகப் பிரியும், பலம் குறையும்.

காற்றை உறிஞ்சும் வாக்யூம் வைத்துச் சிமெண்டைக் கலக்கினோம், காற்றுக்குமிழி குறையும். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும், சிமெண்டைத் தள்ளும் கன்னில் ஏற்றி, டாக்டர் அடியிலிருந்து மேலே நிரப்பினார். இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் முன்னோடி டாக்டர் சார்ன்லி 1960களில் விரலால்தான் அடைத்தார்; அந்தக் காலத்தில் கன் கிடையாது. மேல்வாயை மூடி அழுத்தும் முன்பு, மயக்க டாக்டரிடம் "சிமெண்ட் போகுது" என்று உரக்கச் சொன்னேன். அந்த நேரத்தில் சிலருக்குப் பிரஷரும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கும். பாட்டிக்கு லேசாக இறங்கி, உடனே சரியானது. ஆபரேஷன் செய்த டாக்டர் அழுத்தத்தை விடாமல் பிடித்தார். எலும்பிலிருந்து ஊறும் ரத்தத்தைவிடச் சிமெண்டின் அழுத்தம் அதிகமாக இருந்தால்தான் அது துளைக்குள் போகும். ஸ்டெம்மை நிதானமாக, நடுவில் நிற்கும்படி இறக்கி, இறுகும்வரை அசைக்காமல் வைத்திருந்தார். ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே சிமெண்ட் மெல்லியதாகிவிடும். சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது வேண்டும். பின்னாளில் விரிசல் தொடங்குவது அந்த மெலிந்த இடத்தில்தான்.

மே 8

எக்ஸ்ரே பார்த்தோம். சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு எங்கும் இல்லை, குழாய் முழுக்க வெள்ளை. சிமெண்ட் எவ்வளவு நன்றாக நிரம்பியிருக்கிறது என்பதற்கு 1992இல் பாரக் குழுவினர் வகுத்த ஏ, பி, சி, டி தரத்தில் இது ஏ, அதாவது மிகச் சிறந்தது. மதியம் வாக்கர் பிடித்துப் பாட்டியை நிற்க வைத்தோம். முழு எடையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு வராண்டா வரை நடக்க வைக்க வேண்டும்.