காதல் கடிதம் படிக்கப் போய் நாயிடம் மாட்டிக்கொண்டேன்

போன மாதம் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. ஆங்கிலக் கவிஞர்கள் எலிசபெத் பாரெட்டும் ராபர்ட் பிரௌனிங்கும் கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொண்ட கடிதங்களை ஒன்று விடாமல் படித்துவிடுவது. 1845 ஜனவரியில் ஆரம்பித்து 1846 செப்டம்பரில் முடிகிறது. இருபது மாதத்தில் 570க்கும் மேல். எலிசபெத் இருந்தது லண்டன் விம்போல் தெரு, ராபர்ட் இருந்தது நியூ கிராஸ். ஒரே ஊர்தான்! இந்தக் கடிதங்களை இப்போது அமெரிக்காவின் வெல்ஸ்லி கல்லூரியில் வைத்திருக்கிறார்கள். அவை வந்து விழுந்த பித்தளைத் துவாரத்தோடு விம்போல் தெரு வீட்டின் கதவையும் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு மரியாதை.

முதல் முப்பது கடிதம் தாக்குப்பிடித்தேன். அதன்பிறகு கண் சொக்க ஆரம்பித்தது. ஒருவரையொருவர் புகழ்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா? மூடிவிடலாம் என்று நினைக்கும்போதுதான் ஃப்ளஷ் என்ற பெயர் அடிக்கடி தட்டுப்பட்டது. எலிசபெத்தின் நாய். அதற்கப்புறம் காதலர்கள் எங்கே போனால் எனக்கென்ன, நாய் வரும் கடிதங்களாகத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஃப்ளஷ் ஒரு காக்கர் ஸ்பேனியல். எலிசபெத்தின் தம்பி 1840இல் கடலில் மூழ்கி இறந்துபோனார். ஏற்கெனவே நோயாளி, இந்தத் துக்கம் வேறு. அந்த நேரத்தில் தோழியும் எழுத்தாளருமான மேரி மிட்ஃபோர்ட் கொடுத்த குட்டி இது. அறையை விட்டு வெளியே போகாத எஜமானியோடு ஒரே சோபாவில் வளர்ந்தது. அதற்கு அவர் எழுத்துக்கூடக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார். ‘ஏ’ எழுதிய அட்டைக்கு முத்தம் கொடு, ‘பி’க்குக் கொடு என்று. பையனுக்கு இலக்கியத்தில் அவ்வளவு நாட்டமில்லை.

இப்படிப்பட்ட நாய், வாரா வாரம் வந்து உட்காரும் ராபர்ட்டை என்ன செய்யும்? 1846 ஜூலையில் கடித்துவிட்டது. அதன்பிறகு எலிசபெத் எழுதிய கடிதத்தில் கடிபட்டவரைப் பற்றி ஒரு வரி விசாரிப்பு, கடித்தவரின் மனநிலை பற்றி ஒரு முழுப் பத்தி. பாவாடை கட்டாத ஜென்மங்களை அவனுக்குப் பிடிக்காது என்று காரணம் சொல்கிறார். காதில் ஓர் அடி போட்டு, இனிமேல் உன்மேல் அன்பே கிடையாது என்று சொல்லிவிட்டாராம். அவர் பூக்களை அடுக்கி முடிக்கும்வரை சோபாவில் படுக்காமல் உட்கார்ந்தபடியே, உலகமே இடிந்துபோன மாதிரி பார்த்துக்கொண்டிருந்ததாம். சரி, வந்து மன்னிப்புக் கேள் என்றதும் பாய்ந்து வந்து, நடுங்கிக்கொண்டே இரண்டு கையையும் மாறி மாறி நக்கியதாம். அந்த மாதமே மறுபடியும் ராபர்ட்டைக் கடித்தது என்பது வேறு விஷயம்.

ராபர்ட் கேக் கொண்டுவந்து தாஜா செய்தும் பார்த்திருக்கிறார். அவரைப் பிடிக்குமா என்று எலிசபெத் கேட்டதற்கு வாலை ஆட்டியதாம். வழக்கமாக அந்தக் கேள்விக்கு மட்டும் பதிலே வராதாம்.

செப்டம்பர் 1ஆம் தேதிக் கடிதத்தில் இடி விழுகிறது. கடைத்தெருவில் வண்டி ஏறும் நேரத்தில், சக்கரத்துக்கடியிலிருந்து ஃப்ளஷை யாரோ தூக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து லண்டனில் நாய் கடத்துவது ஒரு தொழில். பணக்கார வீட்டு நாயைப் பிடிப்பார்கள், பணம் கேட்பார்கள், வராவிட்டால் நாயின் தலை பார்சலில் வரும் என்று பயமுறுத்துவார்கள். ஃப்ளஷுக்கு இது மூன்றாவது கடத்தல்! டெய்லர் என்ற கும்பல் தலைவன் கேட்டது 6 கினி (கினி என்பது அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம், ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்).

ராபர்ட்டோ, ஒரு காசு கொடுக்கக் கூடாது, அயோக்கியர்களுக்குப் பணிந்தால் அயோக்கியத்தனம் வளரும் என்று பக்கம் பக்கமாக நியாயம் எழுதுகிறார். இரவுச் சாப்பாட்டின்போது இதை மனைவியிடம் சொல்லி, “அந்த மனுஷன் சொல்றதுதான் சரி” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காதே.

“அப்ப என்னைக் கடத்திட்டுப் போனாலும் நியாயம் பேசிட்டு உக்காந்திருப்பீங்க?”

“நாயும் நீயும் ஒண்ணா?” என்றேன். அதைவிட மோசமான பதிலை யோசித்துக்கூடச் சொல்லியிருக்க முடியாது. ரசம் வரவில்லை. மோர் நானாக எடுத்துக்கொண்டேன்.

பின்னிரவில் தனியாக உட்கார்ந்து அடுத்த கடிதத்தைத் திறந்தால், எலிசபெத் அதையேதான் கேட்டு வைத்திருக்கிறார்: இத்தாலியில் கொள்ளைக்காரர்கள் என்னைப் பிடித்துவைத்து என் காதுகளை அறுத்துத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னால், அப்போதும் இதே நியாயம்தானா? மனைவியை எழுப்பிக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எலிசபெத் எழுத்தோடு நிற்கவில்லை. வருடக்கணக்கில் அறைக்குள் கிடந்த மனுஷி, பணிப்பெண் வில்சனைக் கூட்டிக்கொண்டு வாடகை வண்டியில் ஷோர்டிச் சந்துகளுக்குப் போய்விட்டார். டெய்லர் வீட்டில் இல்லை, ஆஜானுபாகுவான மனைவிதான் வந்து பேசினாள். சாயங்காலம் டெய்லரே பணம் வாங்க வந்தபோது, ஒரு தம்பி அவனைத் திருடன், பொய்யன் என்று திட்டித் தொலைக்க, அவன் இனி நாய் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னொரு தம்பி போய்ப் பணத்தைக் கட்டி அன்றிரவே மீட்டுவந்தார். அழுக்கும் தாகமுமாக வந்த ஃப்ளஷ், தன் ஊதாக் கிண்ணத்தில் மூன்று முறை தண்ணீர் வாங்கிக் குடித்தது. மூன்று கடத்தலுக்கும் சேர்த்து 20 கினி செலவு.

ஃப்ளஷ் திரும்பி வந்த ஆறாவது நாள், செப்டம்பர் 12, அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம். அடுத்த வாரம் இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார்கள். கூடவே வில்சன், ஃப்ளஷ்.

அதற்குமேல் காதல் கடிதங்கள் கிடையாது, ஒரே வீட்டில் இருப்பவர்கள் எதற்கு எழுதிக்கொள்வார்கள்? ஆனால் மற்றவர்களுக்கு எலிசபெத் எழுதியவை இருக்கின்றன. ஃப்ளாரன்ஸ் வெயிலில் தெள்ளுப்பூச்சி தாங்காமல், கடிபட்ட அதே ராபர்ட் கத்தரிக்கோலை எடுத்து அதற்கு முடி வெட்டுகிறார். அதற்கும் முன்பே பீசாவிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், தனக்குச் சேவகம் செய்வதற்காகவே இந்த ஆளைப் படைத்திருக்கிறது என்று ஃப்ளஷ் நினைப்பதாக ராபர்ட் சொல்கிறார், பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்கிறார் எலிசபெத்.

மறுநாள் காலை இதை மட்டும் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கையிலிருந்த காபி டம்ளரைக் கழுவி வைக்கச் சொன்னாள்.