நைரேரே மக்களிடம் சொன்ன கணக்கு

புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் தலைவர்கள் முன்னேற்றம் பற்றிப் பேசியதைப் படிக்கும்போது நான் ஒன்றைத்தான் தேடுவேன். இவர் தன் மக்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறாரா? அப்படிப் பார்த்தால் கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தீராத மனத்தாங்கலும் உண்டு.

சோஷலிசமும் தற்சார்பும்தான் நாட்டின் பாதை என்று அவர் கட்சி அறிவித்த, 1967 பிப்ரவரியில் வந்த அருஷா பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலை கிடைத்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. தொழிற்சாலை வரும், வெளிநாட்டுப் பணம் வரும், எல்லாம் மாறிவிடும் என்று ஆசை காட்டுவதுதான் வழக்கம். பள்ளி ஆசிரியராக இருந்த இந்த மனிதரோ, நாம் ஏழை நாடு, கையில் இல்லாத பணத்தை நம்பி வளர்ச்சியைப் பேசுவது மடத்தனம், நிலமும் மக்களும் நல்ல கொள்கையும் நல்ல தலைமையும்தான் வேண்டும் என்கிறார். அதோடு விடவில்லை. கடன் வாங்கி நகரத்தில் ஆஸ்பத்திரியும் சாலையும் கட்டுகிறோம், ஆனால் அந்தக் கடனை அடைக்கும் அந்நியச் செலாவணி கிராமத்து விவசாயி விளைவிப்பதிலிருந்துதான் வருகிறது, அப்படியானால் நகரத்துக்காரன் விவசாயியைச் சுரண்டுகிற நிலை வந்துவிடும் என்று எச்சரிக்கிறார். சொந்தக் கட்சிக்காரர்களையும் அரசு அதிகாரிகளையும் எதிரே வைத்துக்கொண்டு இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். தலைவர்கள் இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது என்ற விதிகளும் அதே பிரகடனத்தில்தான் வந்தன.

பேச்சோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1973-ல் 'மனிதனே ஆரோக்கியம்' என்று ஒரு வானொலி இயக்கம் நடத்தினார்கள். கிராமங்களில் குழுக் குழுவாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பேசுவார்கள், அப்புறம் எழுந்து போய்க் கழிப்பறைக்குக் குழி தோண்டுவார்கள். சுமார் 20 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் அந்தக் காலத்தில் வேகமாகக் கூடியது.

என் மனத்தாங்கலும் அதே 1973-ஐப் பற்றியதுதான். சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து உழைக்கும் 'உஜாமா' என்ற கூட்டுக் கிராமங்களுக்கு மக்கள் மனமுவந்து வர வேண்டும், வற்புறுத்தக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவர், அந்த ஆண்டு கடைசியில் எல்லோரும் கிராமங்களில் குடியேறியே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டார். திரும்பிப் போய்விடக் கூடாது என்று சில இடங்களில் பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள்.

1977-ல், பிரகடனம் வந்து பத்து வருஷம் முடிந்ததும், நைரேரே ஒரு அறிக்கை எழுதினார். தான்சானியா சோஷலிச நாடாகவும் ஆகவில்லை, தற்சார்பும் அடையவில்லை என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார், அரசு நிறுவனங்களின் திறமையின்மையையும் கண்டிக்கிறார். பதவியில் இருக்கும்போதே இப்படி எழுதிய தலைவர்கள் எத்தனை பேர்? ஆனால் குடியேற்றம் என்று வரும்போது மட்டும், ஒரு கோடிப் பேருக்கு மேல் பலவந்தமாக நகர்த்த இந்த நாட்டுக்கு ஏது சக்தி என்று கேட்டு, அத்துமீறல்களை ஆங்காங்கே நடந்த தவறுகளாகச் சுருக்கிவிடுகிறார். மற்றதையெல்லாம் அவ்வளவு நேர்மையாக எழுதியவர் இதையும் எழுதியிருக்கலாம். 1965 முதல் 1992 வரை அங்கே ஒரே கட்சி ஆட்சிதான் நடந்தது. வீடு எரிந்தவர் சார்பில் எழுந்து நின்று பதில் சொல்ல நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி என்று ஒன்று இருக்கவில்லை.